வளவில் இருந்து ஒரு கதைப் புத்தகம்: பிள்ளைகளோடு எழுதி, கீறி, கட்டி முடிக்கும் முறை

யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்றிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்து "இயற்கைக் காட்சி கீறு" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் அரைச் சூரியன், கீழே வளைந்தோடும் ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை வரும். குடாநாட்டில் மலை கிடையாது, கீரிமலை பெயரில்தான் மலை. ஆண்டு முழுக்க ஓடும் ஆறும் கிடையாது. ஆனாலும் படம் இப்படித்தான் வரும். கதை எழுதச் சொன்னால் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பாடமாக்கிய "நான் ஒரு மரம்" வரும்.

இதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்குக் கற்பனை குறைவு என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் பிள்ளையின் கையில் கற்பனை செய்யச் சாமான் இல்லை. அதை முதலில் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கதை கேட்க வேண்டும். கீழே உள்ள படிகளின் ஒழுங்கை மாற்றாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

கிழமைக்கு ஒரு தடவை, ஒன்றரை மணித்தியாலம் என்று நாலைந்து தடவை கூடினால் பிள்ளைக்கு ஓர் எட்டுப் பக்கப் புத்தகம் முடியும்.

## 1. தொடங்க முன்

தரம் 3 முதல் 6 வரையான பிள்ளைகளுக்கு இது சரியாக வரும். ஒரு பெரியவருக்கு ஆறு பிள்ளைகள் போதும். கூடினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் குந்தியிருந்து பேச முடியாமல், நீங்கள் முன்னால் நின்று கத்தத் தொடங்கிவிடுவீர்கள். பிறகு அது இன்னொரு ரியூசன்.

காலை ஏழரைக்குத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் மாலை நாலரைக்குப் பிறகு. வெயில் ஏறினால் பூச்சி புழு எல்லாம் நிழலுக்குள் போய்விடும், பிள்ளைகளும் போய்விடுவார்கள்.

சாமான்கள் அதிகம் இல்லை. ஏ4 தாள், தாளை வைத்து எழுத ஒரு மட்டை (பழைய கலண்டர் மட்டை நல்லது), குமிழ்முனைப் பேனா, கைவில்லை ஒன்றிரண்டு, ஊசி, தடித்த நூல், குரல் பதிய ஒரு கைத்தொலைபேசி. அழிறப்பர் வேண்டாம். கலர்ப் பெட்டியைக் கடைசிக் கிழமை வரை அலுமாரியில் பூட்டி வையுங்கள். கலர் கண்ணில் பட்டால் பிள்ளை பார்ப்பதை விட்டுவிட்டு நிரப்பத் தொடங்கிவிடும்.

முந்தின நாள் நீங்கள் மட்டும் வளவைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். அனேகம் பேர் தவறவிடும் வேலை இது. எங்கே என்ன உயிர் இருக்கிறது என்று தெரியாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் அலுத்துவிடும்.

ஆபத்தையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். கட்டுக் குறைந்த கிணறு, முருங்கையில் அப்பியிருக்கும் மயிர்க்கொட்டி, கண்ணில் பட்டால் துன்பம் தரும் எருக்கலைப் பால், நஞ்சுள்ள அலரி, கார்த்திகைப் பூவின் கிழங்கு. பற்றை பிடித்த பாழ் காணிக்குள் போக வேண்டாம். தெரியாத இரும்புத் துண்டு எதையும் தொடக் கூடாது, யுத்தகாலத்து வெடிபொருளாக இருக்கலாம் என்பதை ஒருமுறை சொல்லிவிடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியும். விடுமுறைக்கு வந்த வெளிநாட்டு மச்சான் மச்சாளுக்குத் தெரியாது.

## 2. ஒரேயொரு உயிரைத் தெரிவு செய்யுங்கள்

"இயற்கை", "காடு", "கடல்" எல்லாம் தலைப்புகள். தலைப்புக் கொடுத்தால் கட்டுரைதான் வரும். பிள்ளையின் கைக்கு எட்டுகிற, ஓர் இடத்தில் இருக்கிற, ஏதாவது செய்துகொண்டிருக்கிற சின்ன உயிர் ஒன்று வேண்டும்.

இங்கே தேடி அலையத் தேவையில்லை. கறிவேப்பிலைச் செடியிலும் எலுமிச்சையிலும் ஒரு வகை வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கும். சின்னதாக இருக்கும்போது அதைப் பார்த்தால் பறவை எச்சம் என்றே நினைப்பீர்கள், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். மாமரத்தில் முசுறு இலைகளை இழுத்துப் பிடித்துக் கூடு கட்டும். இலைகளை ஒட்டும் நூலைத் தருவது அதன் புழு. பெரிய எறும்பு தன் குஞ்சைப் பசைப் போத்தல் மாதிரித் தூக்கி வைத்துக்கொண்டு தைக்கும். பனை ஓலையின் அடியில் பனை உழவாரன் குருவி தன் எச்சிலால் இறகுகளை ஒட்டிக் கூடு வைக்கும்.

முதல் புத்தகத்துக்கு என் தெரிவு குழியானை. வீட்டு இறவாரத்தின் கீழ், மழை படாத காய்ந்த பொடி மணலில், புனல் வைத்து அழுத்தின மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அடியில் புழு ஒளிந்திருக்கும், தாடை மட்டும் வெளியே தெரியும். எறும்பு சரிந்து விழுந்து ஏறப் பார்த்தால் கீழேயிருந்து மணலை வீசி அடிக்கும். பிடித்துச் சாற்றை உறிஞ்சிவிட்டுக் கோதை வெளியே எறிந்துவிடும். நடக்கும்போது பின்னுக்குத்தான் நடக்கும். இப்படி ஓர் உயிர் வாசலில் இருக்கும்போது டைனோசரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஆறு பிள்ளைக்கும் ஒரே உயிரைக் கொடுக்கலாம். ஒரே குழியைப் பார்த்த ஆறு பேர் ஆறு கதை சொல்வார்கள். அது பிள்ளைகளுக்கே பெரிய ஆச்சரியமாக இருக்கும்.

## 3. முதலில் பார்க்கட்டும், கீறிக்கொண்டே பார்க்கட்டும்

முதல் கிழமை கதை என்ற சொல்லையே எடுக்காதீர்கள். குழிக்குப் பக்கத்தில் குந்த வைத்து, தாளில் கண்ணில் பட்டதைக் கீறச் சொல்லுங்கள். இருபது நிமிடம். முதல் ஐந்து நிமிடத்தில் "முடிஞ்சுது" என்று ஒருவர் எழும்புவார். "மணல் எந்தப் பக்கம் கூடச் சரிஞ்சிருக்கு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். திரும்பக் குந்திவிடுவார்.

எழுத்துக்கு முன் படம் ஏன்? எட்டு வயதுப் பிள்ளைக்குக் கண்ணில் படுவது நிறைய, எழுத்தில் வருவது கொஞ்சம். முதலில் எழுதச் சொன்னால், எழுத்துத் தெரிந்த அளவுக்குத்தான் பார்க்கும்.

அழிறப்பர் வேண்டாம் என்றதும் இதற்காகத்தான். அழிக்கிற பிள்ளை தாளைப் பார்க்கும், குழியைப் பார்க்காது. பிழைத்தால் பக்கத்தில் இன்னொன்று கீறட்டும். ஒரே தாளில் நாலு குழியானை இருந்தால் அது நல்ல தாள்.

பெயரையும் உடனே சொல்லிவிடாதீர்கள். "இது குழியானை, தும்பி மாதிரி ஒரு பூச்சியின்ர புழு" என்று தொடங்கினால் விஷயம் முடிந்துவிட்டது என்று பிள்ளை நினைத்துவிடும். பிள்ளையே ஒரு பெயர் வைக்கட்டும். உண்மைப் பெயரை இரண்டாம் கிழமை சொல்லலாம்.

"எனக்குக் கீற வராது" என்கிற பிள்ளை ஒவ்வொரு குழுவிலும் இருக்கும், அனேகமாகத் தரம் 5. அதற்காக நீங்கள் கீறிக் காட்டாதீர்கள். நீங்கள் கீறினால் அது உங்கள் கோட்டைப் பார்த்துக் கீறும், அடுத்த கிழமையும் உங்களையே கேட்கும். குழியின் ஓரத்தில் விரலை வைத்து வட்டமாக ஓட்டச் சொல்லுங்கள். பிறகு அதே விரல் ஓட்டத்தைப் பேனாவால் தாளில் ஓட்டச் சொல்லுங்கள். கோடு கோணலாக வரட்டும். குழியும் கோணல்தான்.

இந்தக் கட்டத்தில் "வடிவா இருக்கு" என்று புகழ்வதையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் படத்தைப் புகழ்ந்தால் மற்ற ஐவரும் அதைப் பார்த்துக் கீறத் தொடங்குவார்கள். "இந்தக் கால் எனக்குத் தெரியேல்லையே, எங்க கண்டனீ?" என்று கேளுங்கள். அது போதும்.

## 4. கேள்விகளைச் சேருங்கள், பதிலைப் பிந்திச் சொல்லுங்கள்

பார்த்து முடிந்த கையோடு தாளின் பின்பக்கத்தில் மூன்று கேள்வி எழுதட்டும். "ஏன்", "எப்படி", "இல்லாட்டி என்ன நடக்கும்" என்று தொடங்கினால் நல்லது. எழுத முடியாத பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்.

மழை வந்தால் குழி என்ன ஆகும்? எறும்பு வராத நாளில் என்ன சாப்பிடும்? இரவில் அதற்குக் கண் தெரியுமா? இப்படி வரும் கேள்வியில் ஒன்றுதான் பிறகு கதையாகும்.

ரீச்சர்மாருக்கும் தகப்பன்மாருக்கும் கஷ்டமான இடம் இது. பதில் தெரிந்தால் வாய் சும்மா இருக்காது. ஆனால் கேள்விக்கு உடனே பதில் கொடுத்தால் அதில் கதைக்கு இடம் இல்லாமல் போய்விடும். ஒரு கிழமை பொறுங்கள். அதற்குள் பிள்ளை திரும்பப் போய்ப் பார்க்கும், அம்மம்மாவைக் கேட்கும், தானாக ஒரு பதில் கட்டிக்கொண்டு வரும்.

இரண்டாம் கிழமைத் தொடக்கத்தில் உண்மைகளைச் சொல்லுங்கள், நாலைந்துக்கு மேல் வேண்டாம். குழியானை மணலையும் நூலையும் சேர்த்து உருண்டையாக ஒரு கூடு கட்டி அதற்குள் இருக்கும், பிறகு சிறகோடு வெளியே வரும் என்று சொல்லும்போது முகங்களைப் பாருங்கள். அவ்வளவு நாளும் பின்னுக்கு நடந்து மணல் வீசிய உயிர் பறக்கப் போகிறது என்பதை எந்தப் பிள்ளையும் எதிர்பார்த்திருக்காது.

## 5. வாயால் கதை: ஒரு பொய் மட்டும்

இப்போதுதான் கதை. எழுத்தில் வேண்டாம், வாயால் சொல்லட்டும். ஒரு விதி மட்டும் வையுங்கள்: கதையில் ஒரேயொரு பொய் சொல்லலாம், மற்றதெல்லாம் கண்ட உண்மையாக இருக்க வேண்டும்.

குழியானை பேசும் என்பது பொய்யானால், அது பேசலாம். ஆனால் முன்னுக்கு ஓட முடியாது, புழுவாக இருக்கும்போது பறக்க முடியாது, மழை பட்டால் குழி அழியும். விதி இல்லாவிட்டால் இரண்டாம் வரியிலேயே மந்திரக்கோல் வரும், மூன்றாம் வரியில் தொலைக்காட்சியில் பார்த்த வீரன் ஒருவன் வந்து எல்லாவற்றையும் முடித்து வைப்பான். எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால் பிள்ளைக்கு யோசிக்கத் தேவையே இல்லை. "பறக்கேலாது, அப்ப எப்பிடித் தப்பும்?" என்கிற இடத்தில்தான் கற்பனை வேலை செய்யத் தொடங்கும்.

சொல்லும்போது கைத்தொலைபேசியில் பதியுங்கள். பிள்ளை வாயால் சொல்லும் வசனம் எழுத்துக்குப் போகும்போது காணாமல் போய்விடும். இந்த மாதிரி ஒரு பேச்சு வரலாம்:

"அண்ணை, உங்கட கிணத்துக்கு ஏன் கட்டு இல்லை?" என்று எறும்பு கேட்டது.
"கட்டு வைச்சா ஆர் வந்து விழுறது?" என்றது குழியானை.

இதையே எழுதச் சொன்னால் "எறும்பு குழியானையிடம் வினவியது" என்று கட்டுரைக் கொப்பித் தமிழில் வந்து நிற்கும். பதிவை ஓட விட்டு, "நீ சொன்னது இப்பிடி" என்று காட்டுங்கள். கதை சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பாத்திரங்கள் வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசட்டும்.

யாருடைய கண்ணால் கதை என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். எறும்பின் கண்ணால் பார்த்தால் குழி பாதாளம். குழியானையின் கண்ணால் பார்த்தால் அது வீடு, கொஞ்சம் பசி. சிக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளையிடம் "இதையே எறும்பு சொன்னா?" என்று கேட்டால் கதை நகரும்.

## 6. எட்டுப் பக்கமாகப் பிரியுங்கள்

ஓர் ஏ4 தாளை மாதிரிப் புத்தகமாக மடிக்கலாம். நீளவாட்டில் ஒருமுறை மடித்து விரியுங்கள். அகலவாட்டில் இரண்டாக மடித்து, அதை மறுபடி இரண்டாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். அகலவாட்டில் பாதியாக மடித்துப் பிடித்துக்கொண்டு, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே அடுத்த மடிப்பு வரை மட்டும் வெட்டுங்கள். விரித்து, நீளவாட்டில் மடித்து, இரண்டு முனையையும் உள்ளே தள்ளினால் சின்னப் புத்தகம் வந்துவிடும்.

முதல் பக்கம் அட்டை, எட்டாவது பின் அட்டை. கதைக்கு 2 முதல் 7 வரை ஆறு பக்கம். 3 முடிந்து 4-க்குப் போகும்போதும், 5 முடிந்து 6-க்குப் போகும்போதும் வாசிப்பவர் தாளைத் திருப்ப வேண்டும். பயமோ ஆச்சரியமோ 4-இலும் 6-இலும் வரட்டும். "திடீரெண்டு மணல் சரிஞ்சுது" என்பது 3-இன் கடைசி வரியாகவும், விழுந்த எறும்பு 4-இலும் இருந்தால் திருப்பும் கைக்கு ஒரு காரணம் கிடைக்கும். இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள், பெரியவர்களுக்குத்தான் நேரம் எடுக்கும்.

ஒவ்வொரு கட்டத்திலும் குச்சி மனிதன் அளவுக்கு ஒரு படம், மூன்று நாலு சொல். அதற்கு மேல் வேண்டாம். இங்கே நுணுக்கமாகக் கீறிவிட்டால், பிறகு மாற்றச் சொன்னால் பிள்ளை அழும்.

எழுத்தில் சொன்னதையே படத்திலும் கீற வேண்டியதில்லை. "குழியானை காத்திருந்தது" என்று எழுத்தில் இருந்தால், படத்தில் எறும்பு வரும் வழியைக் காட்டலாம். குழியானைக்குத் தெரியாதது வாசிப்பவருக்குத் தெரிந்திருக்கும்.

## 7. எழுதுதல்

பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி. முதல் வரைவில் ர-ற, ல-ள-ழ, ன-ண எதையும் திருத்தாதீர்கள். சிவப்புப் பேனா பட்ட உடனே பிள்ளை எழுத்துத் தெரிந்த சொற்களை மட்டும் எழுதத் தொடங்கும், "சரிந்தது" போய் "விழுந்தது" ஆகிவிடும். கதை முடிந்தபின் ஒரே தடவையாக, அருகில் இருந்து, பென்சிலால் திருத்துங்கள்.

அனேகமாக எல்லாக் கதையும் "ஆகவே நாமும் இயற்கையைப் பாதுகாப்போம்" என்று முடியும். பரீட்சைப் பழக்கம். திட்ட வேண்டாம். கடைசி வரியை விரலால் மறைத்துவிட்டு, "இதில்லாமல் வாசி பாப்பம்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் பிள்ளையே வெட்டிவிடும். வெட்ட மனமில்லாவிட்டால் இருக்கட்டும், அது அவர்களின் புத்தகம்.

## 8. நல்ல தாளில் படமும் நிறமும்

இரண்டு ஏ4 சித்திரத் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து நடுவே மடித்தால் எட்டுப் பக்கம். மடித்த உடனே பக்க எண்களைப் பென்சிலால் மூலையில் போடுங்கள். எண் போடாமல் விரித்து வைத்துக் கீறினால் முதல் பக்கத்துக்குப் பக்கத்தில் இரண்டாம் பக்கம் என்று நினைத்துவிடுவார்கள். அங்கே இருப்பது எட்டாம் பக்கம். கதை தலைகீழாகும் இடம் இதுதான்.

எழுத்துக்கு முதலில் கோடு போட்டு எழுதிவிட்டு, மிச்ச இடத்தில் படம் கீறட்டும். மாறிச் செய்தால் தமிழ் எழுத்துக்கு இடம் போதாமல் குழியானையின் வயிற்றில் வசனம் ஏறும்.

கலர்ப் பெட்டியை இப்போது திறக்கலாம். ஆனால் அதற்கு முன் வளவிலேயே நிறம் தேடச் சொல்லுங்கள். சிரட்டைக் கரி கறுப்பு. உரும்பிராய், சுன்னாகப் பக்கம் என்றால் செம்மண் இருக்கிறது. மஞ்சள் தூளில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், சுண்ணாம்பைப் பெரியவர் கையாளட்டும். செவ்வரத்தம்பூ இதழைத் தாளில் தேய்த்தால் பூவின் சிவப்பு வராது, ஊதா வரும். நீலக் காக்கணம்பூச் சாற்றில் எலுமிச்சம் புளி இரண்டு சொட்டு விட்டால் நீலம் ஊதாவாக மாறும். இதில் அரை மணித்தியாலம் போய்விடும், போகட்டும்.

தண்ணீர் கூடினால் தாள் சுருளும். நிழலில் காய வைத்து, காய்ந்த பிறகுதான் பேனாக் கோடு போட வேண்டும். பூச்சாறும் மஞ்சளும் வெளிச்சத்தில் மங்கும், அதனால் முடிந்த புத்தகத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

## 9. கட்டுதல்

மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஐந்து சென்ரிமீற்றர் தள்ளி ஒவ்வொன்று. ஊசியை உள்ளிருந்து நடுத்துளையால் வெளியே எடுத்து, மேல் துளையால் உள்ளே விட்டு, நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையால் வெளியே எடுத்து, மறுபடி நடுத்துளையால் உள்ளே கொண்டுவந்து முடிச்சுப் போடுங்கள். துளையைப் பெரியவர் போடட்டும், நூலைப் பிள்ளை ஓட்டட்டும்.

பின் அட்டையில் பிள்ளையின் பெயர், திகதி, எந்த வளவில் எதைப் பார்த்தது என்று ஒரு வரி.

## 10. வாசித்துக் காட்டுதல், அடுத்த புத்தகம்

பிள்ளையே வாசிக்கட்டும். நீங்கள் வாங்கி வாசிக்காதீர்கள். கேட்பவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்கலாம், புள்ளி போடக் கூடாது, முதலாம் இரண்டாம் இடமும் கிடையாது. பரிசு வைத்த அன்றே மலையும் ஆறும் திரும்பி வந்துவிடும்.

அடுத்த புத்தகத்துக்குக் காலம் பார்த்து உயிரைத் தெரிவு செய்யுங்கள். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். அப்போது ஆண் பனை எது, பெண் பனை எது என்று தேடலாம். முதல் மழை விழுந்த கையோடு ஈசல் வரும், விளக்கடியில் சிறகு உதிரும். கார்த்திகையில் வேலியில் கார்த்திகைப் பூ இருக்கும், பார்க்கலாம், பிடுங்க வேண்டாம். மாரியில் பண்ணைப் பாலத்து ஓரம் வெளிநாட்டுப் பறவைகள் மேயும், அதற்குப் பெரியவர் இரண்டு பேராவது கூடப் போங்கள், வாகனம் ஓடும் தெரு. தையில் பாத்தி கிண்டிப் பனங்கிழங்கு எடுக்கும்போது பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். குழியானைக்கு மட்டும் மழை விட்டு இறவாரத்து மணல் நன்றாகக் காயும் வரை பொறுக்க வேண்டும்.